காசல்ரீயின் சேற்றங்கரைக்கு வந்த நீலச்சிறகு வாத்துகள்

இலங்கைக்கு வரும் வலசை வாத்துகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர் மலையேற வேண்டிய அவசியமே இல்லை. அவர் மன்னாருக்குத்தான் போகவேண்டும். ஒக்டோபரிலிருந்து மார்ச் வரையில், 2008ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட வங்காலைப் பகுதியில், ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் நீலச்சிறகு வாத்தும் ஆயிரக்கணக்கில் ஒன்றாக மிதப்பதைத் தார்வீதியில் நின்றபடியே பார்த்துவிடலாம். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் கோடையில் குஞ்சு பொரித்த பறவைகள் குளிருக்கு முன்பே தெற்கு நோக்கி இறங்கிவரும் மத்திய ஆசியப் பறவை வழித்தடம் இந்தத் தீவோடு முடிந்துவிடுகிறது. தீவின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரைக்கும் தரை என்று ஒன்று கிடையாது. ஆகவே வந்த வாத்துகள் இந்தத் தீவிலேயே எங்காவது தங்கியாக வேண்டும். ஆழமற்ற களப்புகளும் குளங்களும் வடக்கிலும் தென்கிழக்கிலும் நிறைந்து கிடக்கும்போது, ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறி வருவதற்கு அவற்றுக்கு என்ன தேவை இருக்கிறது?

தேவை இல்லைதான். இருந்தும் எப்போதாவது ஒரு சிறு கூட்டம் மேலே வந்து நிற்கிறது. மன்னாரில் ஐயாயிரம் வாத்துகளை ஒரே பார்வையில் பார்த்தவருக்கு இது அற்பமாகத் தோன்றலாம். மலைநாட்டிலேயே பிறந்து, வாத்து என்றால் கோயில் குளத்துப் படத்திலும் துரை பங்களாத் தோட்டத்திலும் மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, ஹட்டனுக்கு அருகிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஒதுங்கும் ஐந்து வாத்துகளே போதும்.

மலைநாட்டின் குளிர்கால விருந்தாளிகள் என்றவுடன் பறவை பார்ப்பவர்கள் நினைப்பது நுவரெலியா விக்டோரியா பூங்காவைத்தான். 1,868 மீற்றர் உயரத்தில், நகரத்தின் நடுவில் இருக்கும் அந்தப் பூங்காவில் காஷ்மீர் ஈபிடிப்பானையும் கறுப்புவெள்ளைப் பூங்குருவியையும் ஆறுமணிக் குருவியையும் தேடி வெளிநாட்டவர்கள் கமெராவோடு அலைவதை நுவரெலியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இவற்றில் முதலிரண்டும் இமயமலைச் சாரலில் இனம் பெருக்கிவிட்டு, அதே போன்ற குளிர்ந்த காட்டோரத்தைத் தேடி இங்கே மலையில் வந்து சேர்கின்றன. மலையிலிருந்து மலைக்கு வருகின்ற பறவைகள் என்பதால் அவற்றின் கணக்கு நமக்கு எளிதில் புரிகிறது. வாத்தின் கணக்கு வேறு. அது தட்டையான, சதுப்பான நிலத்தில் பிறந்து, தட்டையான, சதுப்பான நிலத்தையே தேடுகின்ற பறவை.

இங்கே வாத்துகள் ஏன் அரிதாகின்றன என்பதற்குக் குளிரைக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு, அது சரியல்ல. சைபீரியாவில் முட்டையிலிருந்து வெளிவந்த பறவைக்கு ஹட்டனின் ஜனவரிப் பனி ஒரு பொருட்டாகாது. காரணம் தண்ணீரின் ஆழம். ஊசிவால், நீலச்சிறகு, தட்டைவாயன் முதலிய வாத்துகள் முக்குளித்து இரை தேடுகிறவை அல்ல. அவை நீரின் மேல்பரப்பை அலகால் அலசும், அல்லது தலையையும் கழுத்தையும் மட்டும் உள்ளே விட்டு வாலை வானத்துக்குக் காட்டியபடி அடிச்சேற்றைத் துழாவும். கழுத்து எட்டுகிற ஆழம்வரைதான் அவற்றின் சாப்பாட்டுத் தட்டு. அதற்குக் கீழே எவ்வளவு வளமான சேறு இருந்தாலும் அவற்றுக்குப் பயனில்லை. மலைநாட்டின் பெரிய நீர்ப்பரப்புகளோ பெரும்பாலும் மின்சாரத்துக்காகப் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்துச் செய்தவை. கெசல்கமுவ ஓயாவை மறித்துக் கட்டிய காசல்ரீ, நோர்ட்டன் பிரிட்ஜில் இருக்கும் 50 மெகாவாற் விமலசுரேந்திர மின்நிலையத்துக்காக 1965இல் நிரம்பியது. மஸ்கெலி ஓயாவில் மவுசாக்கலை, தலவாக்கலையில் 2012இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை என்று மற்றவையும் அப்படித்தான். நுவரெலியாவின் கிரகரி வாவி மின்சாரத்துக்காகத் தோண்டப்பட்டதல்ல என்றாலும் அதுவும் 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் ஓடையை மறித்து உண்டாக்கியதே.

இப்படிப் பள்ளத்தாக்கில் நீரை நிரப்பினால் கரை என்று ஒன்று அமைவதில்லை. தேயிலை மலையின் சரிவு அப்படியே நீருக்குள் இறங்குகிறது; நிரையின் கடைசிச் செடிக்கு அடுத்த அடியிலேயே ஆள் மூழ்கும் ஆழம். மின்நிலையத்தின் தேவைக்கேற்ப நீர்மட்டம் ஏறியும் இறங்கியும் கொண்டே இருப்பதால், கோரையும் நீர்ப்பூண்டும் வேர் பிடிக்க நேரமே கிடைப்பதில்லை. ஏறும்போது மூழ்கி அழுகும், இறங்கும்போது வெயிலில் காய்ந்து போகும். சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கின்ற அந்த நீலப் பரப்பு வாத்தின் கண்ணுக்கு ஒரு வெறும் சீமெந்துத் தொட்டியாகத்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஆனால் நீர்த்தேக்கத்துக்கு ஒரு வால் உண்டு. ஆறு வந்து சேருகின்ற அந்த மேல்முனையில் நீரோட்டம் திடீரென்று வேகம் குறைந்து, சுமந்து வந்த மண்ணை எல்லாம் கீழே போட்டுவிடுகிறது. காசல்ரீயில் அந்த முனை நோர்வூட் பக்கம். கெசல்கமுவ ஓயா பொகவந்தலாவையிலிருந்து இறங்கி வரும் வழியெல்லாம் தேயிலை மலைகள்; கவாத்து வெட்டிய மலையில் ஒரு பெருமழை பெய்தால் ஆற்றின் நிறமே மாறிவிடும். போதாததற்கு அந்த ஓயாவில் நடக்கும் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. ஆற்றங்கரையைக் குடைந்து கழுவிவிட்ட மண்ணும் இங்கேதான் வந்து படிகிறது. நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு குறைகிறதே என்று பொறியியலாளர்கள் கவலைப்படுகின்ற அதே வண்டல்தான், தென்மேற்குப் பருவமழையில் நிரம்பிய நீர் ஜனவரியில் மெல்ல இறங்கத் தொடங்கும்போது, புல் முளைத்த சேற்றுத் திட்டாக வெளியே வருகிறது. மலைநாட்டில் வாத்துக்கு ஏற்ற நிலம் என்று நான் அறிந்தது இந்த மாதிரியான இடங்களைத்தான். அகழ்வுக்கு இதைக் கொண்டு யாரும் நியாயம் கற்பிக்க வேண்டாம். ஆற்றுக்குச் செய்த கேட்டின் ஒரு மூலையில் வாத்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஜனவரியில் என்னிடம் முன்பு படித்த தம்பி ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர் இப்போது நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்கிறார். காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிற வழியில் கைத்தொலைபேசியால் எடுத்த படம் அது. சேற்றின் விளிம்பில் பழுப்பாக ஐந்து புள்ளிகள். "சேர், இது வாத்துதானே? எங்க ஊரு வாத்து மாதிரி இல்ல" என்று கீழே எழுதியிருந்தார். வாத்து என்பதில் ஐயமில்லை. எந்த வாத்து என்பதைப் படம் சொல்லவில்லை. இந்த நாட்டிலேயே வாழும் சீழ்க்கைச் சிறகியாக இருக்கலாம் என்பதுதான் முதல் நினைப்பு. ஆனால் அதன் கழுத்து நீளம், நிற்கும்போது நிமிர்ந்து நிற்கும், உடல் செங்கல் நிறம் கலந்திருக்கும். படத்தில் இருந்தவை குள்ளமாக, தரையோடு ஒட்டிக் கிடந்தன. சனிக்கிழமை வருகிறேன் என்று பதில் போட்டேன்.

சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டால் வார இறுதியில் ஹட்டனில் பஸ் பிடிப்பது ஒரு தனி வேலை. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் யாத்திரிகர்களின் கூட்டம் இரவு ரயிலில் வந்து இறங்கிக் காலை பஸ்களை நிறைத்துவிடும். வெள்ளை உடுத்த கூட்டத்தின் நடுவே கழுத்தில் தொலைநோக்கியோடு நின்ற என்னை ஒரு அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மலையுச்சியைப் பார்க்கவா தம்பி என்று கேட்டார். வாத்து பார்க்க என்று சொல்லத் துணிவு வரவில்லை. ஆமாம் அம்மா என்றேன்.

நோர்வூட்டில் இறங்கியபோது நீர்த்தேக்கம் முழுவதும் மூடுபனிக்குள் இருந்தது. ஜனவரியில் இந்தப் பக்கத்து மலைகளில் இரவு தெளிவாக இருக்கும். அதனால் விடியும்போது குளிர் கடுமையாக இறங்கி, தண்ணீரின் மேல் பனி கெட்டியாகப் படர்ந்துவிடும். வெயில் ஏறி அது கலைய எட்டரை மணி ஆகும். அதுவரை தம்பி காட்டிய கடையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் தேத்தண்ணியுமாக உட்கார்ந்திருந்தோம். பறவை பார்ப்பவர்கள் விடிகாலையே சிறந்தது என்று எப்போதும் சொல்வார்கள். காட்டுக்கு அது சரி. மலைநாட்டு நீர்த்தேக்கத்துக்கு ஜனவரியில் எட்டு மணிக்கு முன் போகிறவர் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்குள் கால் நனைந்து சளி பிடித்துவிடும்.

பனி விலகியபின் கிழக்குக் கரையோரமாக நடந்து, சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஒரு தேயிலை நிரைக்குக் கீழே இடம் பிடித்தோம். தண்ணீர் மீதான எந்தப் பறவையையும் பார்ப்பதற்கு இது முக்கியமானது. வெயிலை எதிரே வைத்துக்கொண்டால் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். சேற்றுத் திட்டில் முதலில் தெரிந்தவை வழக்கமான ஆட்கள்: குனிந்து நிற்கும் மடையான்கள், வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் சாம்பல் வாலாட்டி, ஒரு உள்ளான், எங்களைக் கண்டவுடன் ஊரைக் கூட்டிய ஆள்காட்டிகள். திறந்த நீரில் முக்குளிப்பான்களும் சின்ன நீர்க்காகங்களும். வாலாட்டியும் உள்ளானும் வாத்தைப் போலவே வெகுதூரத்திலிருந்து வந்தவை என்றாலும் யாரும் அவற்றைத் தேடி வருவதில்லை. ஒவ்வொரு பீலிக்கரையிலும் ஒரு சாம்பல் வாலாட்டி நிற்கிறது, நாமும் அதை ஊர்ப் பறவையாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

வாத்துகள் புல் முளைத்த திட்டின் மறுபக்கத்தில், எங்களிடமிருந்து நூற்றைம்பது மீற்றர் அளவில் இருந்தன. ஐந்தும் உறங்கிக்கொண்டிருந்தன. அலகைத் திருப்பி முதுகு இறகுக்குள் செருகி, ஒற்றைக் கண்ணை மட்டும் அவ்வப்போது திறந்து மூடியபடி. நீலச்சிறகு வாத்துகள் குளிர்காலத்தில் பெரும்பாலும் இரவில்தான் இரை தேடும். பகலைப் பாதுகாப்பான திறந்த வெளியில் உறங்கிக் கழிக்கும். அலகும் முகமும் தெரியாத வாத்தை அடையாளம் காண்பது எவ்வளவு தொல்லையானது என்பது இதில் ஈடுபட்டவர்களுக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் பழுப்பு நிறம், விளிம்பு வெளுத்த செதில் செதிலான விலா இறகுகள், சிறிய உடல். இந்த அளவுக்குச் சிறிய பழுப்பு வாத்து இங்கே வருவதென்றால் இரண்டுதான் பொருந்தும்: ஒன்று நீலச்சிறகு வாத்து, மற்றது அதைவிட இங்கே அரிதான கிளுவை.

சேற்றுக்கு அப்பால் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு மெல்ல நடந்து வந்தார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்; திலாப்பியாவுக்காக நாள்தோறும் வருகிறாராம்.

"என்னாங்க ஐயா பாக்குறீங்க?"

"அந்த வாத்துகளைத்தான் ஐயா. எப்போதிலிருந்து நிற்கின்றன?"

"தைப்பொங்கலுக்கு ஒரு வாரம் முந்தி வந்துச்சுங்க. மொதல்ல ஏழு. ராத்திரியில அந்தக் கோரப் பக்கம் போய் மேயும், விடிஞ்சா இங்க வந்து தூங்கும். போன வருசம் வரல. அதுக்கு முந்தின வருசம் வந்துச்சு."

நூல்களில் இல்லாத தகவலை இத்தனை சுருக்கமாகச் சொல்லிவிட்டு அவர் பீடி பற்ற வைத்தார். மலைநாட்டில் வாத்துகள் அரிது என்று நாம் எழுதிவைப்பதில் ஒரு பகுதி, இந்தச் சேற்றங்கரைகளில் தொலைநோக்கியோடு யாரும் வந்து நிற்பதில்லை என்பதனால் வருவது. நாள்தோறும் நிற்கிறவரிடம் தொலைநோக்கி இல்லை, அவரை யாரும் கேட்பதுமில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடந்து வருகிறது. அதற்குப் போகிறவர்கள் இயல்பாகவே பறவைகள் குவியும் களப்புகளையும் குளங்களையும்தான் முதலில் நினைப்பார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண்ணப்படாத இடத்தில் பறவை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஒன்பதரை மணிக்குமேல் ஒரு வாத்து தலையை வெளியே எடுத்து, கழுத்தை நீட்டி, அலகை நீரில் இரண்டு முறை நனைத்தது. முகம் தெரிந்தது. கண்ணின் மேலே வெளிறிய ஒரு புருவக் கோடு, கண்ணை ஊடறுத்து ஒரு கரும்பட்டை, அதற்குக் கீழே மறுபடி ஒரு வெளிறிய கோடு, கன்னத்தில் இன்னொரு மங்கலான கருங்கோடு, அலகு முகத்தோடு சேருகின்ற இடத்தில் தெளிவான ஒரு வெளிர்ப் புள்ளி, தொண்டை வெள்ளை. கிளுவையின் முகம் இவ்வளவு வரிவரியாக இராது, அந்த அலகடிப் புள்ளியும் அதற்கு இப்படித் தெளிவாக வராது; அதற்குப் பதிலாக வாலடியின் பக்கத்தில் வெளிறிய ஒரு கீற்று இருக்கும். இவற்றில் அந்தக் கீற்று இல்லை. அலகும் கிளுவையினதைவிடச் சற்று நீளம். நீலச்சிறகு வாத்து என்று குறிப்பேட்டில் எழுதினேன். தம்பி தொலைநோக்கியை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீலச்சிறகுன்னு சொல்றீங்க சேர், ஒரு நீலமும் காணோமே" என்றார்.

நியாயமான கேள்விதான். புத்தகப் படங்களில் வரும் ஆண் நீலச்சிறகு வாத்து கண்ணைப் பறிக்கும் அழகு: செம்பழுப்புத் தலையில் கண்ணுக்கு மேலிருந்து பிடரிவரை பிறைபோல் வளைந்திறங்கும் தடித்த வெள்ளைப் புருவம், சாம்பல் விலா, தோளிலிருந்து தொங்கும் கறுப்புவெள்ளை இறகுகள். அதை எதிர்பார்த்து ஜனவரியில் வருகிறவர்களுக்கு இங்கே பெட்டைகள் மட்டும்தான் வருகின்றன என்று தோன்றும். உண்மையில் இனப்பெருக்கம் முடிந்தவுடன் வாத்துகள் பறப்பதற்கான சிறகு இறகுகளை எல்லாம் ஒரே நேரத்தில் உதிர்த்துவிடுகின்றன. மற்றப் பல பறவைகளைப் போல் ஒன்று உதிர்ந்து ஒன்று முளைப்பதாக அது நடப்பதில்லை. புதியவை வளரும்வரை சில வாரங்கள் அவற்றால் பறக்கவே முடியாது. அந்த நாட்களில் பளிச்சென்ற நிறத்தோடு இருப்பது உயிருக்கு ஆபத்து என்பதால் ஆண்கள் பெட்டையைப் போன்ற மங்கலான உடைக்கு மாறிவிடுகின்றன. பெரும்பாலான வாத்தினங்களில் ஆண்கள் குளிர்காலத் தொடக்கத்திலேயே பழைய அலங்காரத்தைத் திரும்பப் பெற்றுவிடும். மன்னாரில் ஜனவரியில் பார்க்கும் ஊசிவால் ஆண்கள் சொக்கலேற் நிறத் தலையும் வெண்கழுத்துமாக மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பது அதனால்தான். நீலச்சிறகு மட்டும் இதில் மிகவும் சோம்பல். அதன் ஆண்கள் பெப்ரவரி, மார்ச் என்று ஊர் திரும்பும் காலம் நெருங்கும்வரை அந்தப் பழுப்பு உடையை விடுவதில்லை. அதுவரை ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய ஒரே நல்ல வழி, சிறகு விரியும்போது பார்ப்பது. ஆணின் முன்சிறகு எந்த உடையிலும் வெளிர்நீலச் சாம்பலாகவே இருக்கும். பெட்டையினது மங்கிய பழுப்புச் சாம்பல்.

சிறகு விரிய வைப்பதற்காகக் கல்லெறிவதும் கைதட்டுவதும் நம் ஊரில் பறவை பார்க்க வருகிறவர்களிடமும் உண்டு. படத்துக்காக டிரோன் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. அரைக் கிலோ எடையும் இல்லாத ஒரு பறவை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்து, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சில மாதங்களில்தான் உடலில் சேர்க்க வேண்டும். பகலில் ஒரு முறை விரட்டினால் அன்றிரவின் மேய்ச்சலில் ஒரு பங்கை நாம் பிடுங்கியதாகவே கணக்கு. சேற்றுத் திட்டு இந்த நீர்த்தேக்கத்தில் ஒன்றோ இரண்டோதான். விரட்டப்பட்ட வாத்துக்கு மன்னாரில் இருப்பதுபோல் அடுத்த களப்புக்குப் போகிற வசதியும் இங்கில்லை. ஆகையால் உட்கார்ந்தே இருந்தோம்.

எங்களுக்காக அந்த வேலையைச் செய்தது ஒரு தோட்டத்து நாய். எங்கிருந்தோ ஓடிவந்து, மடையான்களைத் துரத்திக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிய அதைப் பெரியவர் அதட்டுவதற்குள் ஐந்து வாத்துகளும் நீரை உதறிக்கொண்டு நேர் மேலே எழும்பின. ஓடிப் பறக்கத் தேவையில்லாமல் நின்ற இடத்திலிருந்தே கிளம்பும் திறன் இந்தச் சிறிய வாத்துகளுக்கு உண்டு. அவை நீர்த்தேக்கத்தின் மேல் ஒரு அரைவட்டம் அடித்து வெயிலை நோக்கித் திரும்பிய அந்தச் சில நொடிகளில் முன்சிறகுகள் தெரிந்தன. இரண்டில் வெளிர்நீலம், எந்த ஐயத்துக்கும் இடமில்லாமல். மற்ற மூன்றும் மங்கல். ஒரு ஆண், காய்ந்த மரப்பட்டையை நகத்தால் வருடினாற்போல வறண்ட ஒரு கரகர ஒலியும் எழுப்பியது. தம்பி தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "நீலம் இருக்கு சேர்" என்றார். வாத்துகள் மறுகரையின் நிழலில் இறங்கிக் கொஞ்ச நேரம் நீந்திவிட்டு, நாய் போனபின் பழைய திட்டுக்கே திரும்பிவிட்டன. அவற்றுக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அவை ஏன் இவ்வளவு மேலே வந்தன என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் உண்டு. வடகீழ்ப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் வறண்ட வலயத்துக் குளங்கள் டிசம்பரில் வான் பாய்கின்றன. அப்போது அங்கேயும் ஆழமற்ற ஓரங்கள் மூழ்கிவிடுகின்றன. அதே நேரத்தில் மேற்கு மலைகளில் மழை ஓய்ந்து நீர்த்தேக்கங்கள் இறங்கத் தொடங்குகின்றன. கீழே நிறைந்தால் மேலே, மேலே நிறைந்தால் கீழே என்று ஒரு சில கூட்டங்கள் இடம் மாறுகின்றனவோ என்று தோன்றுகிறது. பெரியவர் சொன்ன வந்த ஆண்டையும் வராத ஆண்டையும் மழைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

பிற்பகலில் மவுசாக்கலைக்கும் போனோம். அங்கே நீர்மட்டம் இன்னும் உயரமாக இருந்தது. நன்றாக வற்றும் காலத்தில் அந்த நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும், மக்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள். அன்று தெரிந்ததெல்லாம் செங்குத்தான செம்மண் கரையும் நீர்க்காகங்களும்தான். சிவனொளிபாதமலை மிகத் துலக்கமாகத் தெரிந்தது. பஸ்ஸில் கேட்ட அம்மாவிடம் நான் சொன்னது பொய்யாகவில்லை. கிரகரி வாவிக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் எழவேயில்லை. அன்னப்படகும் இயந்திரப் படகும் காலை முதல் மாலை வரை சுற்றுகின்ற நீரில், பகலில் உறங்கும் பழக்கமுள்ள ஒரு பறவை எப்படித் தங்கும்? அங்கே வாவியின் ஓரத்தில் எஞ்சியிருக்கும் சதுப்பை நடைபாதையாகவும் வாகனத் தரிப்பிடமாகவும் மாற்றாமல் ஒரு மூலையை மட்டும் படகுகளுக்கு அடைத்து வைத்தாலே பெரிய காரியம். சுற்றுலாவால் பிழைக்கின்ற நகரத்துக்கு அது நட்டமாகாது. விக்டோரியா பூங்காவில் ஒரு சிறு குருவிக்காக நுழைவுச் சீட்டு வாங்கி நிற்கும் வெளிநாட்டவர்களைப் பார்த்தாவது அதைக் கணக்குப் போடலாம்.

அன்றிரவு குறிப்புகளைப் பறவைப் பதிவு இணையத்தளமான ஈபேர்டில் பதிந்தேன். மலைநாட்டிலிருந்து நீலச்சிறகு வாத்து என்றவுடன் தளம் கூடுதல் விவரம் கேட்டது. முகத்தின் வரிகள், அலகடிப் புள்ளி, முன்சிறகின் நிறம், நாயின் பங்கு உட்பட எல்லாவற்றையும் எழுதி, தம்பி எடுத்த மங்கலான பறக்கும் படத்தையும் சேர்த்தேன். எந்தத் திட்டு, எந்தத் தோட்டத்துக்குக் கீழே என்பதை இங்கே எழுதவில்லை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவற்றைக் காக்கிறது என்றாலும், கண்ணி வைக்கத் தெரிந்த கைகள் நோர்வூட்டிலும் இல்லாமல் இல்லை. தூண்டில்காரப் பெரியவர் இருக்கும்வரை அந்தப் பக்கம் யாரும் கண்ணி வைக்கமாட்டார்கள் என்று தம்பி உறுதி சொல்கிறார். அவருடைய அதட்டலை நானும் கேட்டேன், நம்பலாம்.

பெப்ரவரி கடைசியில் மறுபடி போவதாக இருக்கிறது. நீர்மட்டம் மேலும் இறங்கி, திட்டு அகலமாகி, ஆண்கள் இரண்டும் உடை மாற்றத் தொடங்கியிருந்தால் அந்த வெள்ளைப் புருவத்தை மலைநாட்டு வெயிலில் ஒருமுறை பார்த்துவிடலாம். அதுவரை பெரட்டுக்குப் போகும்போதெல்லாம் தம்பி எண்ணிச் சொல்வதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். நேற்றுக் காலையில் நான்குதான் நின்றன என்றும், ஐந்தாவது கோரைக்குள் இருக்கக்கூடும் என்றும் எழுதியிருந்தார்.